கொலோம்னா அக்கா

எங்கள் பக்கத்துத் தோட்டக்காரி தன்னுடைய கண்ணாடிக் கூடாரத்தைத் தானே சுத்தியலால் அடித்து நொறுக்கியதை நான் வேலியோரம் நின்று பார்த்தேன். என் கையில் மிளகாய்க் கன்றுகள். நட வந்த வேலை மறந்துபோயிற்று. கூடாரத்துக்குள்ளே தக்காளி காய்த்துக் குலுங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடி அதன்மேல் விழுந்து சிதற, அந்த மனுசி ஒரு பதற்றமும் இல்லாமல் அடுத்த சட்டத்துக்கு ஓங்கினார்.

ஜெர்மனியில் நாங்கள் இருக்கிற ஹம் நகரத்தில் கால்வாய்ப் பக்கமாக இப்படிச் சின்னச் சின்னத் தோட்டங்கள் வரிசையாக இருக்கின்றன. ஒரு சங்கம் அவற்றை வாடகைக்கு விடுகிறது. வேலி எவ்வளவு உயரம் வளரலாம், குடில் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று அவர்களுக்குச் சட்டதிட்டம் உண்டு. வருடத்தில் ஒருமுறை வந்து பார்வையிடுவார்கள்.

"என்ன செய்யிறியள்?" என்று கத்தினேன்.

"நாளைக்குச் சங்கத்து ஆக்கள் வருகினம். கூடாரம் உயரம் கூடிப்போச்சாம். ஆரோ சொல்லிக் குடுத்திருக்கினம்."

"கூடினால் கொஞ்சம் வெட்டச் சொல்லுவினம். அதுக்கு முழுசா உடைக்கிறதே?"

"அவை வந்து சொல்லி நான் உடைக்கிறதோ? அவை வரேக்கை இங்கை ஒண்டும் இருக்கக்கூடாது."

மறுநாள் இரண்டு வயதான ஜெர்மன்காரர்கள் வந்தார்கள். கண்ணாடிக் குவியலைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள். இந்த வருடம் அப்படியே விட்டுவிடலாம் என்று சொல்லத்தான் வந்தோம் என்றார் ஒருவர். தோட்டக்காரியோ அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, சிரித்துச் சிரித்துக் கதைத்து அனுப்பினார்.

நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது உடைந்த ஜெர்மனில். அவருடைய ஜெர்மன் ஒரு விதமாக நொண்டும், என்னுடையது வேறு விதமாக நொண்டும், ஆனால் எப்படியோ ஒன்றாக நடந்து போய்விடும். அதை எங்கள் தமிழில்தான் இங்கே எழுதுகிறேன். எனக்கு மூத்தவர் என்பதால் அக்கா என்று கூப்பிட்டேன். அதன் அர்த்தத்தைச் சொன்னபோது அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. தன் மகளுக்கும் என்னை "சித்தி மாதிரி" என்றுதான் அறிமுகப்படுத்தினார்.

அக்கா ரஷ்யப் பெண். கொலோம்னா என்ற ஊர். மொஸ்கோவிலிருந்து ரயிலில் போகலாம், இரண்டு ஆறுகள் சேருகிற இடம், நடுவே செங்கல் மதில் சூழ்ந்த பழைய கோட்டை. புருசன் ஜெர்மன் வம்சாவளி என்பதால் தொண்ணூறுகளில் இங்கே வந்தவர்கள். புருசன் இறந்தபின் அவருக்கு இருந்தது ஒரு மகளும் ஒரு பேத்தியும். மகள் இரண்டு தெரு தள்ளி இருந்தாள், ஆஸ்பத்திரியில் வேலை. பேத்தி கிண்டகார்டன் முடிந்து நேரே தோட்டத்துக்கு வந்துவிடுவாள். அந்தப் பிள்ளையின் செருப்புச் சத்தம் படலையில் கேட்டால் அக்காவின் முகம் மாறுகிற விதத்தை நான் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு பேரும்தான் அவருடைய உலகம். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அவர் கடைசியில் செய்த காரியத்தை நம்புவதற்கு எனக்கு இன்றைக்கும் தடையாக இருப்பது இதுதான்.

அக்கா தன் ஊர்ச் சரித்திரத்தைச் சொல்லுகிறபோது எப்போதும் "நாங்கள்" என்றுதான் சொல்லுவார். நானூறு ஐந்நூறு வருடத்துக்கு முந்திய கதையாக இருக்கும். "தாத்தார் படை வரேக்கை நாங்கள் கதவை அடைச்சிட்டம்" என்பார். ஏதோ போன கிழமை தானே தாழ்ப்பாள் போட்ட மாதிரி. ஒரு ராணியைக் கோபுரத்தில் அடைத்து வைத்தார்களாம், அவள் பறவையாகிப் பறந்துவிட்டாளாம். "நாங்கள் அவவை விடேல்லை, அவவாத்தான் போனவ" என்று என்னிடம் நியாயம் சொன்னார். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை.

கூடாரத்தை உடைத்த அன்று பின்னேரம்தான் முதல் கதையைச் சொன்னார். கோட்டைக்குள்ளே எல்லாரும் வாழ இடமில்லை. மதிலுக்கு வெளியே மரவீடுகள் கட்டி, கோழி வளர்த்து, முட்டைக்கோவா நட்டு இருந்தவர்கள்தான் அதிகம். எதிரி வருகிறான் என்று கோபுரத்து மணி அடித்தால் அவர்கள் உள்ளே ஓடவேண்டும். ஓடுமுன் ஒரு வேலை இருந்தது. தன் வீட்டைத் தானே கொளுத்தவேண்டும்.

"என்னது?"

"விட்டிட்டுப் போனால் அவன் அதுக்குள்ளை குளிருக்குப் படுப்பான். எங்கடை மரத்தைப் பிடுங்கி எங்கடை மதிலுக்கு ஏணி செய்வான். அதாலை கொளுத்திறது. வேறை ஆரும் கொளுத்தக்கூடாது. வீட்டுக்காரரே கொளுத்தவேணும். அதுதான் மரியாதை."

அவர் ஆப்பிள் வெட்டிக்கொண்டு, உப்புப் போதுமோ என்று கேட்கிற குரலில் இதைச் சொன்னார்.

இது பழைய கதை, இந்தக் காலத்தில் யார் இப்படி என்று நான் கேட்டதற்கு அவர் தன் தகப்பனின் கதையைச் சொன்னார். சண்டை ஓய்ந்து, கோட்டை தேவையில்லாமல் போன காலத்தில், ஊர்ச்சனம் மதில் செங்கல்லைக் கழற்றிக்கொண்டுபோய் வீடு கட்டிக்கொண்டார்களாம். பெரும் பகுதி மதிலை எதிரி உடைக்கவில்லை, ஊர்க்காரரே உடைத்தார்கள். சார் மன்னன் ஒருவன் வந்து நிறுத்தச் சொல்லி ஆணை போட்டிருக்கிறான். அதற்குள் பாதி ஊரின் அடுப்புகள் மதில் கல்லாகிவிட்டன. அக்கா பிறந்த வீட்டு அடுப்பும் அப்படித்தான். ரஷ்ய அடுப்பென்றால் எங்கள் அடுப்பு மாதிரி இல்லை. ஒரு அறைக்குப் பாதி இருக்கும், அதன்மேல்தான் பிள்ளைகள் படுப்பார்கள், வீடு முழுக்கச் சூடு அதிலிருந்துதான்.

சோவியத் காலத்தில் மியூசியத்து ஆட்கள் வீடு வீடாகப் பழைய கல் தேடி வருகிறார்கள் என்று ஒரு கதை பரவியது. தகப்பன் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்து, குளிர்ச்சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, கோடாலியின் பின்பக்கத்தால் அடுப்பை இடித்தார். வெளியே மார்கழிப் பனி. பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"குளிருக்கை என்ன செய்தனீங்கள்?"

"பக்கத்து வீட்டிலை படுத்தம். பங்குனி வரைக்கும்."

"மியூசியத்துக்காரர்?"

"வந்தவை. ஒரு பொம்பிளையும் கமராவும். படம் எடுக்கத்தான் வந்தவவாம். கல்லுக் கேக்கேல்லை." அக்கா தலையை ஆட்டினார். "அப்பா அந்தக் கல்லுக் குவியலுக்குப் பக்கத்திலை நிண்டு படம் எடுத்தவர். நல்ல வடிவான படம்."

வீட்டில் போய்ச் சொன்னேன். இவர், என் கணவர், சோற்றைப் பிசைந்துகொண்டே, "அந்த மனுசிக்கு விசர். நீ சேர்ந்து திரியாதை, உன்ரை அடுப்பையும் இடிச்சுப்போடுவா" என்றார்.

ஒரு முறை மட்டும் நாங்கள் சண்டை பிடித்தோம். தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்தை விட்டு ஊரோடு வெளிக்கிட்ட கதையை நான் சொல்லிக்கொண்டிருந்தேன். மழை, சனநெரிசல், ஒரு பாலத்தைக் கடக்க ஒரு இரவு முழுக்க நின்றது. அம்மா வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு வந்ததைச் சொன்னபோது அக்கா நிறுத்தினார்.

"பூட்டினீங்களோ? ஆருக்கு?"

"ஆருக்கோ? எங்களுக்குத்தான். திரும்பி வர."

"பிறகு அதுக்கை ஆர் படுத்தது?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆமிதான் இருந்தது. கதவு நிலையெல்லாம் விறகாகப் போயிற்று. அதை நான் சொன்னேன்.

"பாத்தியே," என்றார்.

அந்த "பாத்தியே" எனக்கு நெஞ்சில் குத்தியது. கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். கன நாள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஒரு நாள் வேலிக்கு மேலால் ஒரு தட்டு நீண்டது. ஆப்பிளை அவித்து மசித்து உலர்த்திச் செய்கிற அவர்கள் ஊர் இனிப்பு. தட்டுக்குப் பின்னால் அக்காவின் முகம்.

"எனக்கு ஒண்டு விளங்கேல்லை," என்றார் மன்னிப்புக் கேட்காமலே. "உங்கடை ஊரிலையும் கோட்டை இருக்கெண்டு சொன்னனீ. ஏன் அதுக்குள்ளை ஓடேல்லை?"

"அது எங்கடை கோட்டை இல்லை அக்கா. வெள்ளைக்காரன் எங்களுக்குப் பயந்து கட்டினது. எந்தக் காலத்திலையும் எங்களுக்கு எதிராத்தான் அதுக்கை ஆக்கள் இருந்தவை."

அவர் அப்படியே நின்றார். அவர் அதிர்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அப்ப உங்களுக்கு உள்ளுக்குப் போக இடமே இல்லையோ? அப்ப சரி. அப்ப பூட்டத்தானே வேணும்." தட்டை இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளினார். "சாப்பிடு."

அதற்குப் பிறகு நாங்கள் நெருங்கிவிட்டோம். எங்கள் நகரத்து ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்கு அவரையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு போனேன். தேருக்கு முன்னால் மலையாகக் குவித்த தேங்காயை ஆண்கள் தூக்கித் தூக்கி அடித்து உடைப்பதைப் பார்த்து அக்கா மெய்மறந்து நின்றார். "நல்ல சனம்" என்று சொல்லிக்கொண்டார். யார் வரப்போகிறார்கள் என்று உடைக்கிறீர்கள் என்று கேட்டார். அம்மன் வருகிறா என்றேன். அது அவருக்குத் திருப்தியான பதிலாக இல்லை.

பிறகு ஒரு காலை அவர் மொட்டையாகத் தோட்டத்துக்கு வந்தார்.

இடுப்புக்குக் கீழே தொங்குகிற நரைச்சடை அவருக்கு. அதை அடியோடு வழித்துவிட்டு, ஒரு துணியும் கட்டாமல், வெயிலில் மண்வெட்டியோடு நின்றார். நான் படலையைப் பிடித்துக்கொண்டேன். மார்பில் ஒரு கட்டி இருக்கிறது, சின்னத் துண்டு எடுத்துச் சோதிக்கக் கொடுத்திருக்கிறார்கள், முடிவு வெள்ளிக்கிழமை என்றார்.

"முடிவு வர முதலே ஏன் வழிச்சனீங்கள்?"

"மருந்து ஏத்தினால் கொட்டும். கொட்டவிட்டுப் பாத்துக்கொண்டு இருக்கிறதோ?"

வெள்ளிக்கிழமை ஒன்றும் இல்லை என்று வந்தது. வெறும் கொழுப்புக்கட்டி. நான் அம்மனுக்கு நேர்ந்து முடிந்துவைத்த காசை அவிழ்த்துவிட்டு ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்தேன். மகிழ்ச்சியும் கோபமும் ஒன்றாக வந்தன. வீணாக அந்தச் சடையை விட்டீர்களே என்று ஏசினேன். அவர் தலையைத் தடவிக்கொண்டு சொன்னார்:

"ஒரு தரம் எங்கடை ஊரிலையும் அப்படித்தான். மணி அடிச்சது. எல்லாரும் கொளுத்திப்போட்டு உள்ளுக்கு ஓடினம். கதவை அடைச்சம். அவன் ஆத்துக்கு அங்காலை வந்து நிண்டிட்டு, திரும்பிப் போட்டான். நாங்கள் மதிலிலை ஏறிப் பாத்தால் எங்கடை சாம்பல்தான் கிடந்தது."

"ஐயோ. பிறகு?"

"பிறகென்ன. திரும்பக் கட்டினம்."

"மணி அடிச்சவனை ஒருத்தரும் ஏசேல்லையோ?"

"ஏன் ஏசவேணும்? அவன் தன்ரை வேலையைச் செய்தவன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாங்கள் அதைப் பற்றிக் கதைக்கிறேல்லை," என்றார்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

போன வருடம் கோடையின் கடைசியில் ஒரு நாள் வேலை முடிந்து தோட்டத்துக்குப் போனேன். நான் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்கிறேன், பிற்பகலில் ஓய்ந்துவிடும். அக்காவின் குடில் இல்லை. பலகை பலகையாகக் கழற்றி ஓரமாக அடுக்கியிருந்தது. கொடிமுந்திரிகையை வேரோடு பிடுங்கியிருந்தார். பேத்திக்குக் கட்டிய ஊஞ்சலின் கயிற்றை அவர் அறுத்துக்கொண்டிருந்தபோதுதான் நான் போய்ச் சேர்ந்தேன்.

"அக்கா! ஊஞ்சலை ஏன்?"

"வருகினம்," என்றார். அவ்வளவுதான்.

திரும்பவும் சங்கத்துக்காரருடன் தகராறு என்று நினைத்தேன். சண்டை பிடித்துப் பார்த்தேன், கையைப் பிடித்துப் பார்த்தேன். அவர் கயிற்றைச் சுருட்டி என்னிடம் தந்தார். "கொடி கட்ட உதவும்" என்றார். என் கன்னத்தைத் தொட்டார். அப்படித் தொடுகிற ஆளில்லை அவர்.

இரண்டு நாள் கழித்து அவருடைய மகள் பேத்தியோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். முகத்தில் இரத்தமே இல்லை. அம்மா வீட்டைக் காலி செய்துவிட்டாராம், சாமான் முழுவதையும் கொடுத்துவிட்டாராம், போனில் ஒரு செய்தி மட்டும். அதை எனக்கு வாசித்துச் சொன்னாள். "நீங்கள் போகலாம். எனக்கு இங்கே ஒருவரும் இல்லை. என்னைத் தேடவேண்டாம்." அதற்குப் பிறகு மகளின் எண்ணைப் போனில் தடைசெய்துவிட்டார். இஸ்தான்புல் வழியாகப் பறந்து கொலோம்னாவுக்கு, தம்பியின் வீட்டுக்குப் போய்விட்டார் என்று அந்தத் தம்பி சொல்லித்தான் தெரியுமாம், மகளின் பேச்சை எடுக்கவே அவரை அம்மா விடுகிறதில்லையாம்.

போர் நடக்கிற நாட்டுக்கு. பெற்ற பிள்ளையை, தூக்கி வளர்த்த பேத்தியை, ஒரு வரியில் வெட்டிவிட்டு. நான் கதிரையைத் தேடி உட்கார்ந்தேன்.

"எங்கை போகலாமெண்டு சொல்லுறா? நீங்கள் எங்கை போறியள்?" என்று கேட்டேன்.

அவளுடைய புருசனுக்கு மியூனிக் பக்கம் கார்ஹிங்கில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே ஒரு வீடு எடுத்திருக்கிறார்கள். அம்மாவுக்குச் சொல்லவில்லை.

"ஏன் பிள்ளை ஒளிச்சனீ? அவவின்ரை குணம் உனக்குத் தெரியாதே?"

"தெரிஞ்சபடியாத்தான் சித்தி," என்று அழுதாள். "கீழறை அம்மாவுக்கெண்டு எடுத்தது. முதலே சொன்னால் வரமாட்டன் எண்டு பிடிவாதம் பிடிப்பா. கட்டில் போட்டு, திரைச்சீலை போட்டு, பிறந்தநாளுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால் மறுக்க ஏலாது எண்டு நினைச்சம். கிண்டகார்டன் ரீச்சர் வாய் தவறி அம்மாட்டைக் கேட்டுப்போட்டாவாம், இலையுதிர்காலத்தோடை பிள்ளை போகுதாமே எண்டு."

அந்த ஊர்ப் பெண்ணுக்கு ஒளித்து ஒரு காரியம் செய்தால், அது ஆறு தாண்டி வருகிற படைதான். அவருடைய மகளே இதை மறந்துவிட்டாளே. அவள் ஹம்மில் வளர்ந்தவள். பரிசைப் பொதிசெய்து ஒளித்து வைக்கிற ஊர் இது.

அவர்கள் புறப்படுவதைத் தள்ளிப்போட்டார்கள். புருசன் மட்டும் கார்ஹிங் போனான். மகள் நேரம் கிடைத்தபோதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வருவாள், ஏதாவது தகவல் உண்டா என்று என் முகத்தைப் பார்ப்பாள். ஒன்றும் இல்லை என்று தேத்தண்ணி கொடுப்பேன்.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு மத்தியானம், அவள் எங்கள் குசினியில் இருக்கும்போதே என் போன் அடித்தது. தெரியாத வெளிநாட்டு எண். எடுத்தேன். அக்காவின் குரல். நான் அவளுக்குக் கண்ணைக் காட்டிவிட்டு, போனை ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தேன். அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"என்ரை தோட்டத்தை ஆர் எடுத்தது?" என்றார் அக்கா, சுகம் விசாரிக்காமல்.

"ஒரு துருக்கிக் குடும்பம். சங்கம் குடுத்தது."

"நல்லது." பிறகு குரல் சிறுத்தது. "அவை போட்டினமோ?"

"இல்லை அக்கா. ஒருத்தரும் போகேல்லை. உங்களைத்தான் தேடிக்கொண்டு நிக்கினம். புது வீட்டிலை உங்களுக்கு அறை இருக்கு. கட்டில் போட்டாச்சு. பிறந்தநாளுக்குக் காட்டவெண்டு ஒளிச்சவையாம்."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நான் திரையைப் பார்த்தேன்.

"எனக்கோ?" என்றார்.

"ஓம், உங்களுக்குத்தான். வாங்கோ அக்கா. டிக்கெட் போடுவம்."

"ஏலாது. பாஸ்போட் இல்லை." அதே உப்புப் போதுமோ குரல். "ஜெர்மன் பாஸ்போட்டை எரிச்சுப்போட்டன். வந்த அண்டைக்கே. தம்பி முற்றத்திலை இலை கூட்டி எரிச்சுக்கொண்டு நிண்டவன். அதுக்குள்ளை போட்டிட்டன்."

"ஐயோ, ஏன்?"

"மனம் மாறித் திரும்பி வந்திடுவன் எண்டு பயந்தன்."

மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவர் கையை நிறுத்திவிட்டார். எண்பதுகளில் பெர்லின் ஷோனெஃபெல்டில் வந்து இறங்கியபோது, திருப்பி அனுப்பாமல் இருக்க, விமான நிலையக் கழிப்பறையில் தன் பாஸ்போட்டைக் கிழித்துப் போட்டு உள்ளே வந்தவர் இவர். இந்த நாட்டுப் பாஸ்போட் கைக்கு வந்த அன்று அதை அம்மன் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டவர். "எரிச்சுப்போட்டாவோ?" என்று முணுமுணுத்தார். விசர் என்று இந்த முறை சொல்லவில்லை.

"நீ இதை அவளுக்குச் சொல்லாதை," என்றார் அக்கா. "அறை இருக்கெண்டு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லாதை. என்னிலை கோவமாவே இருக்கட்டும். கோவமெண்டால் கெதியா ஆறிடும்."

மகள் பாய்ந்து போனை எடுத்தாள். "மாமா!" என்றாள். ரஷ்ய மொழியில் அம்மா அதுதான். அதற்கு மேல் எனக்கு விளங்கவில்லை. அழுதுகொண்டே வேகமாக ஏதோ சொன்னாள். அவள் சொன்னது இது என்று பிறகுதான் எனக்கு விளங்கப்படுத்தினாள்: "நான் வாறன். ஒளிச்சு வரேல்லை. இப்பவே சொல்லிப்போட்டுத்தான் வாறன். வந்து, புதுப் பாஸ்போட்டுக்குத் தூதரகத்திலை நேரம் எடுத்து உங்களைக் கூட்டிக்கொண்டு வருவன். அதுவரைக்கும் ஒண்டையும் உடைக்காதேங்கோ."

போனில் சொல்லி முடித்துவிட்டுக் காத்து நின்றாள். இப்போது அக்கா போனை வைத்துவிடுவார், இந்த நொடியே வைத்துவிடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

போனில் ஒரேயொரு சொல் வந்தது. அந்த ரஷ்யச் சொல் எனக்குத் தெரியும். ஆப்பிள் எப்ப பழுக்கும், மழை எப்ப விடும், அம்மா எப்ப வருவா என்று அந்தச் சின்னப்பிள்ளை தோட்டத்தில் நாள் முழுக்கக் கேட்கிற சொல்.

"எப்ப?" என்றுதான் அக்கா கேட்டார். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை போனை வைக்காமல் இருந்தார்.